சாவு வீட்டுக் கொழுக்கட்டை

"நான் உள்ள வந்து அத்தையப் பாக்கணும்."

பின்வாசல் படிக்குக் கீழே, மாவு அப்பிய இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்று தெமாலிசி இதைச் சொன்னாள். உரக்கவே சொன்னாள். உள்ளே கோயில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சொன்னால் யார் காதிலும் விழுந்திருக்காது.

கேட்கவே கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்த விஷயம் இது. சாவு வீட்டில் தலைமாட்டில் ஃபஹுவாக, சொந்தத்தில் எல்லாருக்கும் மேலானவளாக, உட்கார்ந்திருப்பவளிடம் நீ எதுவும் கேட்கக் கூடாது. அவள் கேட்பாள், நீ கொடுப்பாய். அவள் சொல்வாள், நீ செய்வாய். ராஜாவே வந்து துக்கம் கேட்டாலும் அந்தக் கூரைக்குக் கீழே அவளுக்குத்தான் முதல் மரியாதை. "அங்க உனக்கு வாயே கிடையாது. அத ஞாபகம் வச்சுக்கோ" என்று அம்மா ஃபூசி நேற்றுகூட ஒரு தடவை சொன்னாள்.

பாட்டு நிற்கவில்லை. ஆனால் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று குரல்கள் தேய்ந்து போயின. அடுக்கி விரித்த பாய்களின் மேல் கலொலைனே முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன லவீனியா அத்தைக்கு அத்தை மகள். தலைநகரத்திலிருந்து காலைக் கப்பலில் வந்து இறங்கியவள், இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படியிலிருந்து பார்த்தால் வெள்ளைத் துணிக்கடியில் அத்தையின் பாதங்கள் இரண்டும் மேடாகத் தெரிந்தன. அவ்வளவுதான் தெரிந்தது.

கலொலைனே தன் மகள் லோசலினேயின் காதில் ஏதோ சொன்னாள். லோசலினே எழுந்து, குனிந்தபடியே நடந்து வாசலுக்கு வந்தாள். தெமாலிசியின் முகத்தைப் பார்க்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மத்தியானத்துக்குத் தலைவர் வீட்டு ஆளுங்க வர்றாங்களாம். அவங்களுக்கு வெறும் மாவுக் கொழுக்கட்ட வைக்க முடியாதாம். கிழங்குல பண்ணச் சொல்றாங்க அம்மா. இலையில சுத்தி."

"நான் கேட்டதுக்கு என்ன பதில்?"

"அதான் தெமா பதில்."

அதற்குள் ஃபூசி பின்னால் வந்து, மகள் துக்கத்துக்கு இடுப்பில் கட்டியிருந்த பெரிய கிழிசல் பாயைக் கொத்தாகப் பிடித்துக் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் திறப்பு. அதுதான் கொட்டகை. விடியற்காலையில் பெய்த மழையில் விறகெல்லாம் ஊறிப்போய், நெருப்பு எரிவதற்குப் பதில் புகைந்துகொண்டே இருந்தது. பாதியாக அறுத்த எண்ணெய் பீப்பாய்களில் தண்ணீர் கொதிக்கவா வேண்டாமா என்று யோசித்துக் கொண்டிருந்தது. வெளியே ஒரு பொட்டுக் காற்று இல்லை. கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கிடந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை. புயல் மாதங்களில் ஹாப்பாய்த் தீவுகளில் இப்படித்தான், வேர்வை வழியும், காயாது.

"என்னடி பண்ணிட்டு வந்த?" என்றாள் ஃபூசி.

"கேட்டேன்."

"கேட்டியா."

"கேட்டா என்ன, பல்லா விழுந்துடுச்சு?"

மாவு பிசைந்துகொண்டிருந்த சேய்னி அக்கா தலையைத் தூக்காமல் சிரித்தாள். எந்தச் சாவு வீட்டுக்கும் அடுப்புக்கு முதல் ஆளாக வருகிறவள், எவரையும் சும்மா விடாதவள். "சுவாவுல காலேஜ் போய்ப் படிச்சா இதெல்லாம் கேக்கச் சொல்லித் தருவாங்க போல. நாம படிக்கல, அதான் மாவு பிசையறோம்."

"நானும் படிச்சுட்டு மாவுதான் பிசையறேன் அக்கா."

"பிசையற லட்சணத்தப் பாத்தா தெரியுது. தண்ணி ஜாஸ்தி. கொதிக்கிற பானையில போட்டா கஞ்சியாத்தான் வரும்."

தெமாலிசி பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். சேய்னி சொன்னது சரிதான், மாவு இளகிப் போயிருந்தது. இன்னும் இரண்டு கை மாவைக் கொட்டி ஓங்கிக் குத்தினாள். சாவு வீட்டுக்கு இந்தக் கொழுக்கட்டையைக் கண்டுபிடித்தவன் யாரோ அவனைக் கையில் கிடைத்தால் விடக்கூடாது என்று தோன்றியது. மைதா, தண்ணீர், ஒரு சிட்டிகை சோடா. கைக்குள் மாவை வைத்துப் பிதுக்கினால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு மொட்டு எழும்பும். அதைக் கிள்ளிக் கொதிநீரில் விட வேண்டும். முழுகும். வெந்தால் மேலே வரும். அரித்து எடுத்து, சர்க்கரையைக் கருக்கித் தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சிய பாகில் போட்டால் முடிந்தது. எத்தனை பேர் வந்தாலும் பெருக்கிக்கொண்டே போகலாம். அதனால்தான் இது சாவுக்கு. யார் வருவார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று சாவுக்குக் கணக்குக் கிடையாதே.

கிழங்குக் கொழுக்கட்டை அப்படி இல்லை. மரவள்ளியைத் தோலுரித்து, துருவி, துணியில் கட்டிப் பால் போகப் பிழிந்து, வாழை இலையை நெருப்பில் வாட்டி அதில் பொதிந்து, சுட்ட கல் நிரப்பிய குழியடுப்பில் புதைத்து எடுக்க வேண்டும். வெந்ததும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, சூட்டோடு சூடாக, துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஆறினால் ரப்பர். பாகும் அதற்குத் தண்ணியாக இருக்கக் கூடாது, இலைமேல் ஒட்டி நிற்க வேண்டும். சீமைப்பலாவைச் சுட்டு இடித்துப் பண்ணுகிற இன்னொன்று இருக்கிறது, அது வீட்டு ஆட்களுக்கு, நல்ல நாளில். எண்ணெயில் பொரித்து எடுப்பது பிள்ளைகளுக்கு. கொழுக்கட்டையிலேயே யார் தரையில் உட்காருவது யார் பாயில் உட்காருவது என்று பிரித்து வைத்த ஊர் இது.

"கிழங்கு எங்க இருக்கு இப்ப?" என்றாள் தெமாலிசி. "மத்தியானத்துக்குள்ள யாரு தோண்டி, யாரு துருவி, யாரு சுடறது?"

குழியடுப்பில் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்த மொசேசே சித்தப்பா, "கிழங்க நான் தோண்டிட்டு வர்றேன். வாய மட்டும் நீ தோண்டாத" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

லவீனியா, தெமாலிசியின் அப்பாவுக்கு அக்கா. தம்பி பிள்ளைகள் அத்தைக்கு எப்போதும் ஒரு படி கீழேதான். அவள் செத்த நிமிஷத்திலிருந்து எல்லாருக்கும் கீழே. பழைய பாயைக் கட்டிக்கொள்ள வேண்டும், முடியை அவிழ்த்துப் போட வேண்டும், அடுப்படியைவிட்டு நகரக் கூடாது. துக்கம் முடிகிற அன்றைக்குக் கலொலைனே கையில் கத்தரியை எடுத்து அந்த முடியை வெட்டுவாள். பிணத்தைத் தொட்டவர்கள் சமைக்க வரமாட்டார்கள், சமைக்கிறவர்கள் பிணத்தின் பக்கம் போகமாட்டார்கள். இதெல்லாம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெமாலிசிக்கும் தெரியும்.

ஆனால் அத்தைக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து தலைநகரத்தில் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்து, குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, வாயில் ஊட்டியவள் அவள். இந்த வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் தெமாலிசி. அந்தப் படிப்புக்காகப் பாய் பின்னிப் பின்னி விரல் கோணிப்போனவள் லவீனியா அத்தை. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. நேற்று மத்தியானம் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பாங்காய் ஆஸ்பத்திரிக்குப் போனாள் தெமாலிசி. திரும்பி வரும்போது முற்றம் நிறைய ஆட்கள். யாரோ ஒரு கிழிசல் பாயை அவள் கையில் கொடுத்து, அடுப்படியைக் காட்டினார்கள். மாத்திரைப் பொட்டலம் சைக்கிள் கூடையிலேயே கிடந்து இன்றைக்குக் காலை மழையில் கரைந்து போனது.

அதிலிருந்து அவள் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் எடுத்துவிடுவார்கள்.

மொசேசே கிழங்கைக் கொண்டுவந்து கொட்டினார். தோலுரிப்பதற்கே கை போதவில்லை. தங்கை சியூ அந்தப் பக்கம் துருவலமணையில் உட்கார்ந்து தேங்காயைத் துருவித் துருவி முழங்கை வரை வெள்ளையாகியிருந்தாள். ஃபூசி மகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சியூவ நினைச்சுப் பாத்தியா நீ? பள்ளிக்கூடம் தொறந்ததும் கலொலைனே வீட்லதான் தங்கணும் அவ. சரின்னு சொல்லியிருக்காங்க. அந்தச் சரிய நீ இன்னிக்கு ஒரு வாய் பேசிக் கெடுத்துடாத."

"அத்தைய ஒரு தடவ பாக்கறதுக்கும் சியூ படிக்கறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்குன்னு உனக்கே தெரியும். தெரியாத மாதிரி பேசாத, எரிச்சலா வருது."

"எனக்கும்தான் எரிச்சலா வருது."

"உங்க லவீனியா அத்தையே உயிரோட இருந்து, வேற யாரு சாவுலயாவது நீ இப்படிப் போய் நின்னிருந்தா, அவங்களே உன்ன உள்ள விட்டிருக்க மாட்டாங்க. உங்க அப்பன் செத்தப்ப உன்ன எங்க உக்கார வச்சாங்க? ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இதே மாதிரி ஒரு கொட்டகையில்தான். இதே மாவு. லவீனியா அத்தை உள்ளே இருந்தாள். ஒரு தடவைகூட வெளியே வந்து பார்க்கவில்லை. அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது. கிழங்குத் துருவலைத் துணியில் வைத்து முறுக்கினாள். வெள்ளைப் பால் விரலிடுக்கில் வழிந்தது.

அப்போதுதான் லோசலினே கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கறுப்புப் பாவாடையைப் புகைக்குப் பயந்து இழுத்துப் பிடித்திருந்தாள்.

"வாங்கம்மா" என்று ஃபூசி அவசரமாக எழுந்தாள். "கிழங்கு ஆயிட்டிருக்கு. சொல்லுங்க, கொஞ்ச நேரத்துல இலையில வச்சிருவோம்."

"அதுக்கில்ல மாமி. தெமாகிட்ட ஒண்ணு கேக்கணும்." அவள் தயங்கினாள். "அந்த வெள்ளை கவுன் போடறோம். ராப்போஜன ஞாயித்துக்குப் போடுவாங்களே, அது. வலது கை ஏறிடுச்சு. இடது கை வரமாட்டேங்குது. மடங்கினது மடங்கினபடி நெஞ்சுமேல இருக்கு. நீ எப்படிப் போடுவ?"

கொட்டகையில் துருவுகிற சத்தம் நின்றது.

"நான் வந்து போடறேன்" என்றாள் தெமாலிசி.

"அது முடியாதே."

"அப்ப நீங்களே போடுங்க."

"தெமா."

"போய்ச் சொல்லு. வந்து போடறேன்னு சொன்னான்னு சொல்லு."

லோசலினே போனாள். ஃபூசி கையிலிருந்த கிழங்கைத் தரையில் வீசினாள், பிறகு தானே போய் எடுத்துக் கழுவினாள். சேய்னி, "பீப்பா பொங்குது, எவளாவது பாருங்க" என்று கத்தினாள். தெமாலிசி எழுந்து போய் அரிகரண்டியால் மேலே மிதந்த கொழுக்கட்டைகளை அள்ளினாள். பாதி சரியாக வந்திருந்தன, பாதி நடுவில் வெள்ளையாக மாவாகவே இருந்தன. அவசரத்தில் பெரிதாகக் கிள்ளியிருக்கிறாள். அவற்றைத் திரும்பப் போட்டாள். அத்தைக்கு என்றால் பட்டாணி அளவுக்குக் கிள்ளிப் போடுவாள், பாகில் ஊறவைத்து நாக்குக்கு நடுவில் வைத்தால்தான் விழுங்க முடியும். அப்படியும் ஒன்று தொண்டையில் நின்றுவிட்டால், தெமாலிசியை முறைத்துப் பார்ப்பாள் அத்தை. வாய் கோணிய பிறகும் கண் கோணவில்லை.

லோசலினே திரும்பி வந்தாள். வேர்த்திருந்தது. "வாயால சொன்னாப் போதும்கறாங்க அம்மா. ஃபஹு கேட்டு இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு உனக்குச் சொல்லச் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்கன்னு சரியாச் சொல்லு."

"அவ்வளவுதான் சொன்னாங்க." பிறகு தணிந்த குரலில், "அவங்களும் ஓஞ்சு போயிருக்காங்க தெமா. ராத்திரி பூரா கப்பல்ல வாந்தி. அவங்க வாயால உன்ன வான்னு எப்படிக் கூப்பிடுவாங்க? ஊரே உக்காந்து பாக்குது."

தெமாலிசி அரிகரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு கையைக்கூடக் கழுவாமல் லோசலினேயின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கைய மடக்கு. இறுக்கமா. கட்ட விரல உள்ளங்கைக்குள்ள வை. இப்ப நீ செத்துட்ட."

"ஐயோ, அப்படிச் சொல்லாத."

"செத்தவ பேசாத."

சேய்னி களுக்கென்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் வருகிற சிரிப்பு.

"முதல்ல வலது கைய ஏத்தினீங்களே, அதத் திரும்ப எடுக்கணும். முடங்கின கைதான் எப்பவும் முதல்ல. நல்ல கை ஏறிடுச்சுன்னா துணி முதுகுல இழுத்துக்கும், இந்தக் கைக்கு இடமே இருக்காது. தோள்ல இழுக்கக் கூடாது. எண்ணெயச் சூடு பண்ணி இங்க, முழங்கை உள்பக்கம் தேய்க்கணும். நேத்து செத்தவங்க, இன்னும் கெட்டியாத்தான் இருக்கும். விடாம தேய்க்கணும். முதல்ல மணிக்கட்ட இப்படி உள்ள மடக்கு. மடக்கினாத்தான் விரல் விடும். விட்டதும் கட்ட விரல வெளிய எடு. அப்புறம் உன் கைய சட்டைக் கைக்குள்ள அந்தப் பக்கத்துலேர்ந்து விட்டு, அவங்க விரல உன் விரல்ல கோத்து, கூட்டிட்டு வா. இழுக்காத. கூட்டிட்டு வா. தெரியுதா?"

லோசலினேயின் கறுப்புச் சட்டைக் கையில் முழங்கை வரைக்கும் வெள்ளை விரல் அடையாளங்கள்.

"தெரியுது. ஆனா நான் எப்படி அம்மாகிட்ட 'இப்படிச் செய்யுங்க, அப்படிச் செய்யுங்க'ன்னு சொல்றது? அவங்களுக்கு யாரும் சொல்லித் தர முடியாது இன்னிக்கு."

"உங்க அம்மாதானே?"

"இன்னிக்கு எங்க அம்மா இல்ல அவங்க."

அவள் போனதும் மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் உள்ளேயிருந்து வந்த பாட்டு அமுங்கிப் போனது. பெண்கள் வாழை இலையைத் தணலில் வாட்டினார்கள். ஒவ்வொரு இலையும் பளபளத்துக் கறுத்து வளைந்தது. பிழிந்த கிழங்கை ஒரு கைப்பிடி வைத்து, மடித்து, நாரால் கட்டி மொசேசேயிடம் நீட்டினார்கள். அவர் கல்லுக்கு நடுவில் அடுக்கினார். சேய்னி இரும்புச் சட்டியில் சர்க்கரையைக் கருக்கினாள். நல்ல வாசனை வந்தது. நேற்றிலிருந்து தெமாலிசியும் சாப்பிடவில்லை. அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை.

"பால ஊத்துடி, கருகுது" என்றாள் சேய்னி. தெமாலிசி தேங்காய்ப்பாலை ஊற்றினாள். சட்டி சீறியது.

மூன்றாம் தடவை லோசலினே மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். வாசலோடு நின்றுவிட்டாள்.

"போட்டாச்சா?" என்றாள் தெமாலிசி.

"இல்ல." லோசலினே முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்தாள். "நான் சொன்னேன். வாயைத் திறக்காதன்னாங்க. ரெண்டு பெரிய பொம்பளைங்க சேர்ந்து இழுத்தாங்க. ஒரு சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"சத்தம்தான். தோள்ல. அம்மா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க. அழுதுட்டே சொல்றாங்க. இன்னும் கை ஏறல. மறுபடி இழுக்கப் போறாங்க தெமா."

தெமாலிசி கரண்டியைச் சட்டியில் சாய்த்து வைத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் காய்ந்திருந்த மாவை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். அவசரப்படவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஏய் புள்ள" என்றாள் சேய்னி. கேலி இல்லாத குரல். "தொட்டுட்டேன்னா இங்க திரும்பி வராத. அந்தக் கையால எங்க பாத்திரத்தத் தொட விடமாட்டோம். இன்னிக்கு மட்டுமில்ல."

"வரல அக்கா."

"முடிய அவங்க வெட்டமாட்டாங்க. துக்கத்துலேர்ந்தே உன்னத் தள்ளி வச்சிருவாங்க. அப்படியே விரிச்சுப் போட்டுட்டு அலைவ."

"அலையறேன்."

ஃபூசி எழுந்து குறுக்கே வந்து நின்றாள். அழவில்லை. கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. "சியூ எங்க போவா? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

"என்கூட. பள்ளிக்கூடத்துல மறுபடி போய் வேலை கேப்பேன். அங்க இல்லன்னா வேற பள்ளிக்கூடம். ஒரு ரூம் எடுப்பேன். ரெண்டு பேரும் அதுல இருப்போம். கலொலைனே அத்தை வீட்டுக்கு அவள அனுப்ப வேணாம். அனுப்பினாலும் அங்க போய் இதேதான் பண்ணப் போறா, பாத்திரம் கழுவி, மாவு பிசைஞ்சு, மிச்ச நேரத்துல படிக்கணும்."

"எல்லாம் முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"எப்ப பண்ண?"

"கைய கழுவும்போது."

துருவலமணையில் உட்கார்ந்திருந்த சியூ நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். பிறகு அடுத்த மூடியை எடுத்தாள்.

"உங்க அத்தைக்கே இது பிடிக்காதுடி" என்றாள் ஃபூசி. கடைசியாக மிச்சமிருந்தது அதுதான் போல. "செத்தவங்க முகத்துல அடிக்கற மாதிரி."

"பிடிக்காது. தெரியும். அவங்க எழுந்து வந்து திட்டட்டும், கேட்டுக்கறேன். ஆனா அந்தக் கைய யாரும் இழுக்க விடமாட்டேன்."

ஃபூசி நின்றாள். பிறகு நகர்ந்தாள். மகளுக்கு வழி விடுவதற்காக நகர்ந்த மாதிரியும் இல்லை. அடுப்புக்குப் போக வேண்டியிருந்ததால் நகர்ந்த மாதிரி. சாய்ந்து கிடந்த கரண்டியை எடுத்துப் பாகைக் கிளற ஆரம்பித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"பாகு அடிபிடிக்குது. நான் இதத்தான் பாத்துட்டிருந்தேன். யாரு எங்க போனாங்கன்னு யாராவது கேட்டா, நான் இதப் பாத்துட்டிருந்தேன்."

தெமாலிசி இடுப்பில் கட்டியிருந்த கிழிசல் பாயை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினாள். அதை அவிழ்க்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. துக்கம் அவளுடையதுதான். தலையைக் குனிந்து தகரத்துக்கு வெளியே வந்தாள். மழை தோளில் அறைந்தது. லோசலினே வாசலைவிட்டு விலகி, ஒரு நிமிடம் அவளையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிறகு பின்னாலேயே வந்தாள்.

"எண்ணெய் எங்க இருக்கு?" என்று நடந்துகொண்டே கேட்டாள் தெமாலிசி.

"தலைமாட்டுல. அம்மாவுக்குப் பக்கத்துல."

"சூடு பண்ணியிருக்கா?"

"இல்ல."

"அப்ப ஒரு கிண்ணம் தணல் எடுத்துட்டு வா" என்றாள், சேற்றில் பாயின் விளிம்பு இழுபட, வீட்டைப் பார்த்து நடந்தபடியே.